மரத்தை வெட்டி நீரைப் பெற்றவர்கள்



நம் சங்கத்தின் ஞாயிறு படிப்பு வட்டத்தில் நான் பேசியதைக் கட்டுரையாக எழுதித் தருமாறு நண்பர்கள் கேட்டுக்கொண்டார்கள். நெடுநாள் வேலையின்றி இருப்பவர்களுக்குச் சுற்றுச்சூழல் பணியில் பயிற்சியும் கூலியும் கொடுக்கும் திட்டங்கள் பல நாடுகளில் உண்டு. அவற்றுள் தென்னாப்பிரிக்காவில் 1995இல் தொடங்கிய 'ஒர்க்கிங் ஃபார் வாட்டர்' என்ற திட்டத்தைப் பற்றியதே இக்கட்டுரை. 'நீருக்காக உழைப்போம்' என்று நாம் தமிழில் சொல்லிக்கொள்ளலாம்.

இதில் எனக்கு ஏன் இத்தனை அக்கறை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் தந்தையார் மும்பைப் பஞ்சாலை ஒன்றில் நெசவுப் பிரிவில் இருந்தவர். 1982 ஜனவரியில் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் சுமார் இரண்டரை லட்சம் ஆலைத் தொழிலாளர்கள் வெளியே வந்தார்கள். அவர்களில் பலர் பிறகு உள்ளே போகவே இல்லை. அப்பாவும் அவர்களுள் ஒருவர். முதலில் சில மாதங்கள், "அடுத்த வாரம் திறந்துவிடுவார்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஓராண்டு ஆனபின் அப்படிச் சொல்வதையும் நிறுத்திவிட்டார். ஆனாலும் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, முகம் மழித்து, சட்டை போட்டுக்கொண்டு சால் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருப்பார். அம்மா இட்லி விற்று வீட்டை நடத்தினார். ஒரு நாள் மாலை, "சும்மா இருக்கிறவனுக்கு ரெண்டாவது காப்பி எதுக்கு?" என்று டம்ளரை அம்மாவிடமே திருப்பிக் கொடுத்தார். அந்தக் காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வேலை தேடியும் கிடைக்காதவரை 'நீண்டகால வேலையற்றவர்' என்று பொருளாதார நூல்கள் குறிப்பிடுகின்றன. இது வெறும் நாள் கணக்கன்று. கை பழக்கம் இழக்கிறது. வேலை இருக்கும் இடத்தைச் சொல்லக்கூடிய நண்பர்கள் விலகிப் போகிறார்கள். 'நம்மால் முடியும்' என்ற எண்ணம் தேய்கிறது. தென்னாப்பிரிக்காவில் அண்மை ஆண்டுகளில் வேலையின்மை அரசுக் கணக்கிலேயே 30 விழுக்காட்டைத் தாண்டியிருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் ஓராண்டுக்கு மேலாகக் காத்திருப்பவர்கள்.

நீரைக் குடிக்கும் அயல் மரங்கள்

மரம் நட்டால் மழை வரும் என்று படித்து வளர்ந்த நமக்கு, மரத்தை வெட்டினால் நீர் பெருகும் என்பது வியப்பாக இருக்கும். தென்னாப்பிரிக்கா வறண்ட நாடு. ஆண்டுச் சராசரி மழை 500 மில்லி மீட்டருக்கும் குறைவு. அங்கே ஆஸ்திரேலியாவிலிருந்து வாட்டில், தைல மரம் ஆகியவற்றையும், வடக்கு நாடுகளிலிருந்து பைன் மரத்தையும் கொண்டுவந்தார்கள். மரச்சாமானுக்கும், தோல் பதனிடும் பட்டைக்கும், மணல் மேடுகளைக் கட்டி நிறுத்தவும் அவை பயன்பட்டன. ஆனால் விதைகள் தோட்டத்து வேலிக்குள் நிற்கவில்லை. மலைச்சரிவுகளிலும் ஆற்றங்கரைகளிலும் பரவின.

கேப் மலைகளின் இயற்கைத் தாவரம் 'ஃபைன்போஸ்' எனப்படும் குட்டைப் புதர். அது குறைவாகவே நீர் எடுக்கும். அந்த இடத்தில் ஆண்டு முழுதும் பச்சையாக நிற்கும் உயரமான மரம் வந்தால், ஓடைக்கு வரவேண்டிய நீரை வேரே உறிஞ்சிவிடுகிறது. ஸ்டெல்லன்போஷ் அருகே யோங்கர்ஷூக் பள்ளத்தாக்கில் பல பத்தாண்டுகள் ஓடைகளை அளந்து இதை உறுதி செய்தார்கள். அயல் தாவரங்களால் நாடு ஆண்டுக்கு 330 கோடி கன மீட்டர் நீரை இழக்கிறது என்று 1998இல் மதிப்பிட்டார்கள். 2016இல் வெளியான ஆய்வு அதை 144 கோடியாகத் திருத்தியது. குறைந்த கணக்கை எடுத்துக்கொண்டாலும் அது சிறு நீரன்று.

நமக்கும் இது புதிய கதையில்லை. நீலகிரியில் வாட்டில் மரமும், இராமநாதபுரத்துப் பக்கம் சீமைக் கருவேலமும் செய்திருப்பதை ஊருக்குப் போகும்போது பார்க்கிறோம்.

வேலையும் பயிற்சியும்

1994இல் மக்களாட்சி மலர்ந்தபோது நீர்த்துறை அமைச்சராக வந்தவர், இந்திய வம்சாவளியினரான காதர் அஸ்மல். ஒரு பக்கம் நீர்ப் பஞ்சம், மறுபக்கம் வேலைப் பஞ்சம்; இரண்டுக்கும் சேர்த்து மருந்து தேடியதே இத்திட்டம். வேலை பெறுவோரில் 60 விழுக்காடு பெண்கள், 20 விழுக்காடு இளைஞர்கள், உடல் ஊனமுற்றோருக்கும் ஒரு பங்கு என்று இலக்கு வைத்தார்கள். பல ஆண்டுகளில் ஏறத்தாழ 20,000 பேருக்கு வேலை கிடைத்தது.

அரிவாளைக் கையில் கொடுத்து அனுப்பிவிடவில்லை. எது அயல் மரம், எது மண்ணின் மரம் என்று அடையாளம் காண்பது, எந்திர ரம்பத்தை ஆபத்தில்லாமல் கையாள்வது, களைக்கொல்லியை அளவாகக் கலப்பது, முதலுதவி ஆகியவற்றைக் கற்பித்தார்கள். சிலருக்குக் கயிற்றில் தொங்கிச் செங்குத்துப் பாறைகளில் பைன் மரங்களை அறுக்கவும் பயிற்சி தந்தார்கள். திறமை காட்டியவர்கள் சிறு ஒப்பந்தக்காரர்களாக உயர்ந்தார்கள். பரப்பைக் கணக்கிட்டு விலை சொல்வதும், தம் குழுவுக்குக் கூலி பிரித்துக் கணக்கெழுதுவதும் அவர்கள் பாடம். நேற்றுவரை வேலை தேடியவர் இன்று பத்துப் பேருக்கு வேலை கொடுப்பவர்!

திரும்பிப் போகாவிட்டால்

இனிக் குறைகளையும் பார்ப்போம். வாட்டில் மரத்தை அடியோடு வெட்டி, உடனே அடிக்கட்டையில் மருந்து பூசவேண்டும். இல்லையேல் தழைத்துவிடும். அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். தீ பட்டால் ஒரே நேரத்தில் முளைக்கும். எனவே ஒரு முறை வெட்டிய இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகவேண்டும். பணமோ கவனமோ குறைந்து அப்படிப் போகாத இடங்களில் முன்னைவிட அடர்த்தியாகக் காடு எழுந்தது. முதலில் செலவிட்டதும் வீண்.

மனிதர் விஷயத்திலும் அப்படியே. கூலி குறைவு, வேலையும் நிலையானதன்று. ஐந்தாண்டில் 24 மாதங்களுக்கு மேல் ஒருவருக்கு வேலை இல்லை என்று பொதுப்பணித் திட்டத்தில் ஒரு விதி இருந்தது. பலருக்கும் வாய்ப்புக் கிடைக்கட்டும் என்பது அதன் நல்ல நோக்கம். ஆனால் ரம்பம் பிடிக்கக் கற்றவருக்கு அடுத்து வேலை தர அந்தச் சிற்றூரில் யாருமில்லை என்றால், அவர் மறுபடி வீட்டு வாசலுக்கே வருகிறார். என் பார்வையில் இத்திட்டம் கற்பிக்கும் பெரிய பாடம் இதுதான்: முதல் உதவியைவிட இரண்டாம் முறை திரும்பிப் போவதே கடினம், பலன் தருவதும் அதுவே.

கேப்டவுன் நகரம் 2018இல் குழாய் நீரே நின்றுவிடும் நிலைக்கு வந்தது. அந்த ஆண்டே ஒரு நீர் நிதியம் தொடங்கி, அணைகளுக்கு நீர் தரும் மலைகளில் அயல் மரங்களை அகற்றும் வேலையைத் தொடர்ந்தார்கள். ஆறாண்டில், ஆண்டுக்கு 5,500 கோடி லிட்டர் நீரை மீட்கலாம் என்பது அவர்கள் கணக்கு. பயிற்சி பெற்ற கைகளுக்கு மறுபடியும் வேலை வந்தது.

அப்பாவுக்கு அப்படி எந்தத் திட்டமும் வரவில்லை. அக்கம்பக்கத்தார் ஆறுதல் சொன்னார்கள். ஒரு முறை வந்து போனார்கள். மறுபடி வந்து கேட்டவர் யாருமில்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை. நானும் பிறருக்கு அப்படித்தான் இருந்திருக்கிறேன். நம் சங்கத்துக் குடும்பங்களிலும் ஓராண்டாக வேலையில்லாதவர் இருக்கக்கூடும். ஒரு விலாசமோ ஒரு பயிற்சியோ சொன்னதோடு நிற்காமல், ஆறு மாதம் கழித்து மீண்டும் அவர் வீட்டுக்குப் போவோம்.

வீட்டில் பேசிப் பார்க்க:

1. உங்கள் ஊரில் அயல் தாவரம் பரவிய இடம் எது? அதனால் ஏரி, கண்மாய் என்னவாயிற்று?
2. அதை அகற்றும் வேலைக்கு என்னென்ன பயிற்சி தேவைப்படும்?
3. வேலை முடிந்தபின் அவர்களுக்கு அடுத்த வேலையை யார் தரமுடியும்?