முதலில் நிற்கட்டும், பிறகு மினுங்கட்டும்

பழைய அம்பாசிடர் ஒன்றை வாங்கிச் சீராக்க ஆசைப்பட்டு, பாம்பனார், வண்டிப்பெரியாறு, ஏலப்பாறைப் பக்கமிருந்து பிள்ளைகள் என்னைத் தேடி வருகிறார்கள். வந்ததும் கேட்கிற முதல் கேள்வி, என்ன நிறம் அடிக்கலாம் என்பது. நாற்பது வருஷம் இந்த பீர்மேட்டு மலையில் அந்த வண்டியோடு கிடந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், தம்பி. நிறத்தைப் பற்றிக் கடைசியில் பேசுவோம்.

1. எந்த வண்டி என்று தெரிந்து வாங்கு. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைதான் இதன் மூலம். வங்காளத்து உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1957-இல் தொடங்கி, 2014 மே மாதத்தில் நிறுத்தியது. 1975-இல் மார்க் 3, 1979-இல் மார்க் 4, 1990-களில் இசுசு எஞ்சின் வைத்த 1800 என்று முகமும் உள்ளுறுப்பும் மாறிக்கொண்டே வந்தன. முதல்முறை கைவைக்கிறவனுக்கு மார்க் 3 அல்லது மார்க் 4 பெட்ரோல் வண்டியைத்தான் சொல்வேன். 1489 சிசி எஞ்சின். சிலிண்டரின் குறுக்களவு 73 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் தூரம் 89. ஓட்டம் நீளமாக இருப்பதால் குறைந்த வேகத்திலேயே இழுவை கிடைக்கும். பெருவந்தானம் ஏற்றத்தில் ஆறு பேரை வைத்துக்கொண்டு அவசரமில்லாமல், விடாமல் ஏறும்.

2. காகிதத்தைப் பார்த்த பிறகுதான் வண்டியைப் பார்க்க வேண்டும். எஞ்சின் எண், சேஸிஸ் எண் இரண்டையும் துணியால் துடைத்து, ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிடு. 1972 ஜனவரி 26-இல் இடுக்கி மாவட்டம் பிறக்கும்வரை நம் தாலுகா கோட்டயத்தோடு இருந்தது. அதனால் அந்தக் காலத்து ஊர் வண்டிகளில் கே.எல்.கே. என்ற எழுத்துகளைப் பார்க்கலாம். அந்த எண்ணோடு வண்டி கிடைத்தால் விட்டுவிடாதே. 20 வருஷம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 2025 ஆகஸ்டு முதல் 10,000 ரூபாய் கட்டணம். அதையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடு. 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு ‘விண்டேஜ்’ பதிவு என்று 2021-இல் தனி விதி வந்திருக்கிறது. ஆனால் அந்தப் பதிவு எடுத்தால் தினசரி ஓட்ட முடியாது, கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும்தான். ஓட்ட ஆசைப்படுகிறவன் சாதாரணப் பதிவையே காப்பாற்றிக்கொள்வது நல்லது.

3. ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு போ. அம்பாசிடருக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது, உடம்பேதான் சேஸிஸ். கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிற பெட்டித் தகரத்தையும், மிதியடியைத் தூக்கித் தரைத்தகட்டையும் அழுத்திக் குத்திப் பார். ‘டங்’கென்று கேட்டால் தகரம். ‘பொத்’தென்று உள்ளே போனால் பட்டி பூசி மூடிய துரு. எஞ்சின் கெட்டிருந்தால் இறக்கிச் செய்துவிடலாம். நம் ஊர் மழையில் பத்து வருஷம் வெளியே நின்று உளுத்துப்போன உடம்புக்கு டிங்கரிங் செலவு வண்டி விலையைத் தாண்டும்.

4. பிரேக். இதை மட்டும் நிறுத்திப் படி.

என் முதல் வண்டியைச் சீராக்கியபோது கையிலிருந்த காசில் முக்கால் பங்கைக் கறுப்புப் பெயிண்டில் போட்டேன். பிரேக்கை அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விட்டேன். அம்மாவையும் தங்கச்சியையும் ஏற்றிக்கொண்டு குட்டிக்கானத்திலிருந்து முண்டக்கயம் இறங்குகிறேன். வளஞ்சாங்கானம் அருவிக்கு முந்தைய வளைவில் பெடல் மெத்தென்று தரைவரை போய்விட்டது. நாலுமுறை விட்டுவிட்டு மிதித்தேன். இரண்டாம் கியருக்கு இறக்கி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலைப்பக்க ஓடையில் சாய்த்து நிறுத்தினேன். புது மட்கார்டு நெடுக பாறை உரசிய கோடு. அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை, குடிக்கத் தண்ணீர் மட்டும் கேட்டார்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். நீண்ட இறக்கத்தில் டிரம் சூடேறினால் அந்த ஈரம் ஆவியாகிக் குமிழாக நிற்கும். பெடல் குமிழைத்தான் அமுக்கும், ஷூவை அல்ல. பழைய மாடல்களில் நாலு சக்கரத்துக்கும் ஒரே சுற்று, ஓரிடத்தில் கசிந்தால் மொத்தமும் போச்சு. ஆகவே வண்டி வந்த வாரமே மாஸ்டர் சிலிண்டர், நாலு பக்க வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ், இரும்புக் குழாய் எல்லாவற்றையும் மாற்று. ஆயிலை வருஷா வருஷம் மழை முடிந்ததும் மாற்று. எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு.

5. ஆடி, ஆவணியில் காலையில் வண்டி எழவில்லை என்றால் எஞ்சினைத் திட்டாதே. இரவில், விளக்கில்லாமல் பானட்டைத் திறந்து, ஒருவரை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிப் பார். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் மேல் நீலப் பொறி பல்லிபோல ஊர்ந்து ஓடும். மூடுபனி உள்ளே இறங்கியிருக்கிறது. பிளக்குக்குப் போக வேண்டிய கரண்ட் ஈரத்தில் வழி தேடுகிறது. மூடியைக் கழற்றி, அடுப்படிச் சூட்டில் காய்ந்த துணியால் உள்ளும் புறமும் துடை. மூடியில் பென்சில் கோடுபோல் கறுப்பு வெடிப்பு இருந்தால் துடைத்துப் பயனில்லை, புதிது போடு. பாயிண்ட் இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து. ஒயர்களைத் திரும்பச் செருகும்போது 1-3-4-2 என்ற வரிசை தவறக் கூடாது.

6. இன்றைய பங்க் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் குழாயையும் பெட்ரோல் பம்பின் சவ்வையும் அது ஊறவைத்துக் கெடுக்கும், ஈரத்தையும் இழுக்கும். எத்தனால் தாங்கும் குழாய் போடு. மாதக்கணக்கில் டேங்கில் தேக்கி வைக்காதே. 2000-ஆம் ஆண்டிலிருந்து ஈயம் கலந்த பெட்ரோலும் இல்லை. எப்போதாவது ஹெட்டைக் கழற்றினால், கையோடு எக்ஸாஸ்ட் வால்வுக்குக் கடினமான சீட் போட்டுவிடு.

7. கிங் பின் நிப்பிள்களுக்கு மாதம் ஒருமுறை கிரீஸ். மழைக்காலத்தில் இரண்டுமுறை.

8. சாமானுக்குக் கோவை உக்கடம், சென்னை புதுப்பேட்டை, வேறெங்கும் கிடைக்காததற்குக் கொல்கத்தா மல்லிக் பஜார். பழைய உறுப்பைக் கையில் கொண்டுபோய் ஒட்டிவைத்துப் பார்த்து வாங்கு.

9. ஹேண்ட் கியரைக் கழற்றி ஃப்ளோர் கியர் போடச் சொல்வார்கள், முன்னால் இரண்டு தனிச் சீட் போடச் சொல்வார்கள். கேட்காதே. ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர் இருப்பதால்தான் முன்னால் மூன்று பேர் உட்கார முடிகிறது. நான் டாக்சி ஓட்டிய காலத்தில், எஸ்டேட் லயத்தில் பிரசவ வலி வந்தால் நடுராத்திரி என் கதவைத்தான் தட்டுவார்கள். பின் சீட்டில் அந்தப் பெண், தலை அவள் தாயின் மடியில். முன்னால் புருஷனும் மாமியாரும். கோட்டயம் மெடிக்கல் காலேஜ்வரை அந்தச் சீட்டின் நீளம் போதுமானதாக இருந்தது. அதை அப்படியே தைக்கச் சொல், நடுவில் கைதாங்கி எதுவும் வேண்டாம்.

10. இப்போது நிறம். வெள்ளையோ கறுப்போ உன் இஷ்டம், பட்டி மட்டும் குறைவாக இருக்கட்டும். வண்டி தயாரானதும் முதலில் உன் லயத்துப் பாட்டிகளை ஏற்றிக் குமுளிவரை போய் வா. கதவை நீயே இறங்கித் திறந்துவிடு. அந்தக் கைப்பிடி அவர்களுக்குக் கனம்.