கரடுமுரடான பாதைக்கு ஏற்ற சட்டகம்

சிங்கப்பூரில் புக்கிட் தீமா, செஸ்நட் இயற்கைப் பூங்கா, புலாவ் உபினில் உள்ள கெத்தாம் ஆகிய இடங்களில் மலை மிதிவண்டிப் பாதைகள் உள்ளன. அவை தார்ச்சாலைகள் அல்ல. மரவேர்கள் குறுக்கே ஓடும், கற்கள் துருத்திக்கொண்டிருக்கும், மழை பெய்தால் மண் வழுக்கும். இத்தகைய பாதைகளில் செல்ல விரும்பும் இளையர்கள் முதலில் கவனிக்க வேண்டியது மிதிவண்டியின் சட்டகத்தையே. சக்கரம், இருக்கை, கைப்பிடி முதலியவற்றைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். சட்டகம் பொருந்தாவிட்டால், செலவும் வீண். விழுந்து காயமடையும் அபாயமும் அதிகம்.

மலை மிதிவண்டிச் சட்டகங்கள் பெரும்பாலும் இரு வகைப்படும். முதல் வகையில் முன்சக்கரத்திற்கு மட்டும் அதிர்வுதாங்கி இருக்கும். இரண்டாம் வகையில் முன், பின் ஆகிய இரு சக்கரங்களுக்கும் அதிர்வுதாங்கிகள் இருக்கும். இந்த இரண்டாம் வகைச் சட்டகத்தின் பின்பகுதி, மூட்டுகளால் முன்பகுதியோடு இணைக்கப்பட்டிருக்கும். சக்கரம் ஒரு வேரின்மீது ஏறும்போது பின்பகுதி மட்டும் மேலே எழும்பும். அதிர்வுதாங்கி அந்த வேகத்தை உள்வாங்கிக்கொள்ளும்.

இதனால் உடல்வலி குறையும் என்பது உண்மைதான். ஆனால், அதைவிட முக்கியமான நன்மை வேறொன்று. சக்கரம் துள்ளாமல் தரையைத் தொட்டுக்கொண்டே செல்லும். தரையைத் தொடாத சக்கரத்தால் வண்டியை நிறுத்தவும் முடியாது, திருப்பவும் முடியாது. ஆகவே, அதிர்வுதாங்கி சொகுசுக்கான பொருள் மட்டுமன்று, பாதுகாப்புக்கும் துணைநிற்கிறது.

சட்டகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, சக்கரம் எவ்வளவு தூரம் மேலும் கீழும் அசையும் என்பதாகும். வேகமாகவும் நெடுந்தூரமும் ஓட்டுவோருக்கு 100 முதல் 120 மில்லிமீட்டர் வரை போதும். வேரும் கல்லும் நிறைந்த பாதைகளுக்கு 120 முதல் 150 மில்லிமீட்டர் வரை பொருந்தும். செங்குத்தான மலைச்சரிவில் இறங்குவதற்கென்றே செய்யப்பட்ட வண்டிகளில் இது ஏறத்தாழ 200 மில்லிமீட்டராக இருக்கும்.

எண் பெரிதாக இருந்தால் வண்டியும் சிறந்ததாக இருக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. அசைவு அதிகமானால் வண்டியின் எடை பொதுவாகக் கூடும். மேட்டில் ஏறும்போது காலால் மிதிக்கும் ஆற்றலின் ஒரு பகுதி அதிர்வுதாங்கியை அமுக்குவதிலேயே வீணாகும். சிங்கப்பூரின் மிக உயரமான குன்றாகிய புக்கிட் தீமாவே சுமார் 164 மீட்டர் உயரம்தான். ஏற்றமும் இறக்கமும் அடிக்கடி மாறி வரும் இங்குள்ள பாதைகளுக்கு, பெருமலைகளில் இறங்குவதற்குரிய சட்டகம் சுமையாகவே அமையும்.

அடுத்தது, சட்டகத்தின் வடிவம். முன்பகுதி சற்றுச் சாய்ந்து, முன்சக்கரம் தள்ளி நின்றால் சரிவில் இறங்கும்போது வண்டி நிலையாக இருக்கும். அதிகம் சாய்ந்திருந்தாலோ மெதுவாகச் செல்லும்போதும் குறுகிய வளைவுகளிலும் திருப்புவது கடினம். உடலுக்கேற்ற அளவும் முக்கியம். வண்டியின் நடுவே நின்றபடி இரு பாதங்களையும் தரையில் ஊன்ற முடிய வேண்டும். “வளர்ந்த பிறகு சரியாகிவிடும்” என்று பெரிய சட்டகத்தை வாங்குவது ஆபத்தானது.

சட்டகம் செய்யப்பட்ட பொருளையும் பார்க்க வேண்டும். அலுமினியச் சட்டகம் உறுதியானது. விலையும் ஓரளவு குறைவு. கார்பன் இழைச் சட்டகம் பெரும்பாலும் எடை குறைந்தது. ஆனால், விலை அதிகம். கூர்மையான கல்லில் மோதிய பிறகு அதன் உள்ளே ஏற்படும் விரிசல் சில வேளைகளில் வெளியே தெரியாது. சட்டகத்தை மட்டும் வாங்கி, பழைய வண்டியின் பாகங்களைப் பொருத்த நினைப்பவர்கள், சக்கரத்தின் விட்டமும் அச்சின் அகலமும் பொருந்துமா என்று முன்பே அளந்து பார்க்க வேண்டும்.

பின் அதிர்வுதாங்கி உள்ள சட்டகத்திற்குப் பராமரிப்பும் கூடுதலாகத் தேவைப்படும். சேறும் ஈரமும் மூட்டுகளுக்குள் புகுந்தால் அவை விரைவில் தேயும். அதிர்வுதாங்கியையும் குறித்த காலத்தில் பழுதுபார்க்க வேண்டும். வாங்கும் விலையோடு இச்செலவையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். ‘விரலுக்குத் தகுந்த வீக்கம்’ என்னும் பழமொழி இங்கும் பொருந்தும். எளிய பாதைகளில் ஓட்டப் பழகுபவருக்கு, முன்பக்கம் மட்டும் அதிர்வுதாங்கி உள்ள வண்டியே போதுமானது.

ஆகவே, நண்பர் வைத்திருக்கும் வண்டியையோ விளம்பரத்தில் வரும் வண்டியையோ பார்த்து முடிவு செய்யாதீர்கள். நீங்கள் அடிக்கடி செல்லும் பாதை, உங்கள் உயரம், குடும்பத்தின் வரவுசெலவு ஆகிய மூன்றையும் எண்ணிப் பாருங்கள். முடிந்தால் ஒரு வண்டியை வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்த்த பிறகு வாங்குங்கள். எந்தச் சட்டகத்தைத் தேர்ந்தெடுத்தாலும் தலைக்கவசம் அணிய மறவாதீர்கள்.

சிந்தித்து விடையளி

1. பின் அதிர்வுதாங்கியின் முக்கிய நன்மையாகக் கட்டுரை எதனைக் குறிப்பிடுகிறது? ஏன்?
2. 200 மில்லிமீட்டர் அசைவுள்ள சட்டகம் சிங்கப்பூர்ப் பாதைகளுக்கு ஏன் பொருந்தாது?
3. உன் தம்பி தன் உயரத்தைவிடப் பெரிய மிதிவண்டியை வாங்க விரும்புகிறான். அவனுக்கு நீ என்ன அறிவுரை கூறுவாய்?