ஒற்றுப் பிழை நீங்க

ஏழாம் வகுப்பு மாணவர்கள் வல்லினம் மிகும் இடங்களை மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். கட்டுரை எழுதும்போது தப்பு விடுகிறார்கள். பாடத்தைச் சுவையாக்க என்ன வழி?
– தமிழாசிரியை, பட்டுக்கோட்டை

ஒற்றுப் பாடத்தை விதியில் தொடங்காமல் பொருளில் தொடங்குவதே வழி. ‘வேலை கொடு’ என்றால் பணி கேட்பது. ‘வேலைக் கொடு’ என்றால் கையிலுள்ள வேலாயுதத்தைக் கேட்பது. இரண்டையும் கரும்பலகையில் எழுதி நடித்துக் காட்டச் சொன்னால், ஒரே ஒரு ‘க்’ பொருளையே மாற்றிவிடுவது பிள்ளைகளுக்கு உடனே விளங்கும்.

அடுத்தது வாய்விட்டு வாசித்தல். ‘அந்தப் பையன்’, ‘பாலைக் குடித்தாள்’, ‘கடைக்குப் போனான்’ ஆகியவற்றில் நாக்கு தானே அழுத்தம் கொடுக்கும். ‘அது பறந்தது’, ‘வந்த பையன்’ என்பவற்றில் கொடுக்காது. மாணவர்களே இவற்றை இரண்டு பத்திகளாகப் பிரித்து எழுதினால், அந்த, இந்த, எந்த என்னும் சொற்களுக்குப் பின்னும் ஐ, கு உருபுகளுக்குப் பின்னும் வல்லினம் மிகும் என்ற விதி அவர்கள் கண்டுபிடிப்பாகிவிடும். இப்படி மிகுபவை க், ச், த், ப் ஆகிய நான்கு மட்டுமே.

கடைசியில் எழுத்துப் பயிற்சி. நாளிதழ்ச் செய்தி ஒன்றை ஒற்றுகளை நீக்கிக் கொடுத்து, இருவர் இருவராக நிரப்பச் சொல்லலாம். ஒரு வகுப்புக்கு ஒரு விதி, ஐந்து சொந்த வாக்கியங்கள் போதும். பிழை படிப்படியாகக் குறையும்.