லயத்து வாசல்வரை கேரவன் வேண்டாம்

தேவிகுளம் வட்டத்துத் தேயிலை எஸ்டேட்களில் அத்தை வீடோ சித்தப்பா வீடோ உள்ளவர்களுக்கு ஒரு பழைய சங்கடம் உண்டு. லயத்து வீடு, அதாவது தொழிலாளர் லைன் வீடு என்றால் பெரும்பாலும் ஓர் அறை, சமையற்கட்டு, முன்னால் சின்னத் திண்ணை. ஆறு பேர் போய் இறங்கினால் அன்றிரவு வீட்டுக்காரர்கள் பக்கத்து வீட்டில் படுக்க வேண்டியிருக்கும். அதை வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள். படுக்கையும் கழிப்பறையும் உள்ள கேரவன் ஒன்றை வாடகைக்கு எடுத்துப் போனால் என்ன என்று கேட்பவர்களுக்கு என் பதில்: தாராளமாகப் போங்கள். தூக்கத்துக்கு வண்டி, சாப்பாட்டுக்கும் பேச்சுக்கும் வீடு என்று பிரித்துக்கொண்டால் இரு தரப்புக்கும் நிம்மதி.

வண்டி சின்னதாக இருக்கட்டும். டெம்போ டிராவலரை மாற்றிச் செய்த கேரவன் போதும். பஸ் அளவு கேரவன் இந்த மலைக்கு ஆகாது. வாடகை வண்டி என்றால் கேரளத்துக்குள் போவதற்கான பர்மிட்டையும் வரி கட்டிய ரசீதையும் கிளம்புமுன் கையில் வாங்கிப் பாருங்கள். போடிநாயக்கனூரிலிருந்து ஏறினால் போடிமெட்டுக்குள் 17 கொண்டை ஊசி வளைவுகள். அதற்கு மேல் மூணாறு வரையிலான 42 கிலோமீட்டர் சாலையை அகலப்படுத்தி 2024 ஜனவரியில் திறந்துவிட்டார்கள். பூப்பாறை தாண்டி வரும் கேப் ரோட்டில் மட்டும் மழைக்காலத்தில் பாறை உருளும். கனமழையில் இரவுப் போக்குவரத்தையே நிறுத்திவிடுவதும் உண்டு. உடுமலை, சின்னாறு, மறையூர் வழி அழகானதுதான். ஆனால் காட்டுக்குள் போகிற குறுகலான சாலை. பெரிய வண்டியோடு சாயங்காலத்துக்கு மேல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

ஏறும்போது தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டு போகவேண்டியதில்லை. 100 லிட்டர் என்பது 100 கிலோ எடை, பாதி போதும். இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே வாருங்கள். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பாதி வழியிலேயே அது சூடேறிப் பிடி தளர்ந்துவிடும். ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுவது மலைச்சாலையின் விதி.

எங்கே நிறுத்துவது என்பதுதான் பெரிய கேள்வி. கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்தது. அதன்படி 2022-ல் முதல் கேரவன் பூங்கா வந்தது வாகமணில். தேவிகுளத்திலிருந்து அது மணிக்கணக்கில் போகவேண்டிய தூரம், உங்களுக்கு உதவாது. தேவிகுளத்திலோ மூணாறிலோ விசாலமான முற்றம் உள்ள விடுதி ஒன்றில் முன்கூட்டியே பேசுங்கள். வண்டி நிறுத்த இடம், கரண்ட், கழிவுத் தொட்டியைக் காலி செய்ய செப்டிக் டேங்க் ஆகிய மூன்றும் கிடைக்குமா என்று கேட்டு, அதற்கான வாடகையைக் கொடுத்துவிடுங்கள். அங்கிருந்து லயத்துக்கு ஜீப்பில் போகலாம். எஸ்டேட் சாலைகள் கம்பெனிக்குச் சொந்தமானவை. பல இடங்களில் கேட் உண்டு. அனுமதியில்லாமல் ஒரு பெரிய வண்டி உள்ளே நுழைந்தால் விளக்கம் சொல்லவேண்டி வருவது உங்கள் சித்தப்பாதான். வேலையும் வீடும் ஒரே கம்பெனியின் கையில் இருக்கிற மனிதரை அந்த நிலையில் நிறுத்தக் கூடாது.

லயத்துக் குழாய் பல வீடுகளுக்குப் பொது. அதில் பைப்பை மாட்டி வண்டித் தொட்டியை நிரப்புவதும், வீட்டு பிளக்கிலிருந்து ஒயர் இழுத்து கீசர் ஓட்டுவதும் அறவே வேண்டாம். அந்தப் பழைய ஒயரிங் தாங்காது.

யானை விஷயத்தை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சின்னக்கானல் பக்கம் அரிசிக்காகக் கடைகளையும் வீடுகளையும் உடைத்த அரிக்கொம்பன் என்ற யானையை 2023 ஏப்ரலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். அது மே மாதம் கம்பத்துக்குள் நடந்து வந்ததைத் தேனி மாவட்டமே பார்த்தது. அரிசி வாசனைக்கு யானை கடையையும் வீட்டையும் உடைக்கத் துணியும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். மூணாறு சாலைகளில் படையப்பா என்ற கொம்பன் உலவுவதும் ஊருக்கே தெரியும். எனவே சொந்தங்களுக்கென்று கொண்டுபோகும் அரிசி மூட்டை, வாழைத்தார், கம்பம் திராட்சை எதையும் இரவில் வண்டிக்குள் வைக்காதீர்கள். அன்றைக்கே கொடுத்துவிடுங்கள், எங்கே வைப்பது என்று லயத்துக்காரர்களுக்குத் தெரியும். சாலையோரத்தில் வண்டியை நிறுத்தித் தூங்குவது கூடவே கூடாது. வழியில் யானை நின்றால் தூரத்திலேயே நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். ஹாரன், போட்டோ எதுவும் வேண்டாம்.

அதைவிடப் பெரிய ஆபத்து வண்டிக்குள்ளேயே இருக்கிறது. 2024 டிசம்பரில் கேரளத்து வடகரையில் சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்துகிடந்தார்கள். ஏசிக்காக ஓடிய ஜெனரேட்டரின் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே பரவியதே காரணம் என்று கோழிக்கோடு என்ஐடி வல்லுநர்கள் சோதனை செய்து கண்டறிந்தார்கள். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். மூணாறு பக்கம் ஜனவரியில் உறைபனி விழும், குளிருக்குக் கை தானாக அடுப்பைத் தேடும். கதவை அடைத்துக்கொண்டு கேஸ் அடுப்பையோ கரி அடுப்பையோ எரிக்காதீர்கள். தூங்கும்போது இன்ஜினும் ஜெனரேட்டரும் நின்றிருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கிப் படுக்கைப் பக்கம் மாட்டுங்கள். குளிருக்குக் கம்பளி போதும்.

மழைக்காலத்தில் இந்தப் பயணமே வேண்டாம் என்பேன். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்களோடு 70 பேரைக் கொண்டுபோனது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை துக்கமோ அவசரமோ என்றால் பஸ்ஸில் போங்கள். மற்ற மாதங்களிலும் சரிவின் அடியிலோ ஓடைக்கரையிலோ வண்டியை நிறுத்தாதீர்கள்.

எந்தக் கிழமை போகிறோம் என்பதையும் யோசிக்க வேண்டும். கொழுந்து எடுப்பவர்கள் காலை எட்டு மணிக்கெல்லாம் மலையில் நிற்பார்கள். திரும்ப மாலை ஐந்தாகும். எடுக்கும் கிலோவைப் பொறுத்துக் கூடுதல் காசு. கொழுந்து நன்றாக விழும் நாளில் உங்களுக்காக ஒருவர் லீவு போட்டால் அந்த வாரச் செலவில் இடிக்கும். சனிக்கிழமை மாலை போய்ச் சேருங்கள், ஞாயிறு முழுவதும் அவர்களோடு இருங்கள். கறிக்கும் காய்க்கும் நீங்களே பணம் கொடுத்தால் வாங்க மாட்டார்கள். கீழேயிருந்து வாங்கிக்கொண்டே போங்கள். சமைப்பதை அவர்களிடம் விட்டுவிடுங்கள். வண்டிக்குள் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டால் அத்தை மனம் நோகும்.

இத்தனை நிபந்தனைக்குப் பிறகும் கேரவனை நான் சிபாரிசு செய்வது முக்கியமாகப் பெரியவர்களுக்காக. வேலை ஓய்ந்ததும் லயத்து வீட்டைக் காலி செய்துவிட வேண்டும். முப்பது, நாற்பது வருடம் கொழுந்து எடுத்தவர்கள் சங்கரன்கோவில் பக்கமோ ராஜபாளையம் பக்கமோ மகன் வீட்டில் இருக்கிறார்கள். முட்டிவலியும் அடிக்கடி ஒதுங்க வேண்டிய தொந்தரவும் இருப்பதால் பஸ்ஸில் மலையேற முடியாமல், பழைய லைனில் கூட வேலை செய்தவர்களைப் பார்க்காமலே காலம் போகிறது. படுத்துக்கொண்டு வர ஒரு படுக்கை, நினைத்தபோது போக ஒரு கழிப்பறை இருந்தால் அவர்களும் கிளம்பிவிடுவார்கள். மாத்திரைகளை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். வளைவுகளுக்கு முன் வயிறு முட்டச் சாப்பாடு வேண்டாம். லயத்துப் படிக்கட்டில் ஏற்றிவிட இளைஞர் ஒருவர் கூட இருக்கட்டும்.

கேரவன் வாடகை கட்டுப்படியாகாதவர்களுக்கு ஒரு வழி: மூணாறு கேஎஸ்ஆர்டிசி டிப்போவில் பழைய பஸ்களைப் படுக்கை அறையாக மாற்றி, 2020 நவம்பரில் ஒரு படுக்கை 100 ரூபாய் என்று தொடங்கினார்கள். இப்போதைய கட்டணத்தைக் கேட்டு முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.

கிளம்பும் நாளில் குளித்த நீரையும் பாத்திரம் கழுவிய நீரையும் தோட்டத்து ஓடையில் திறந்துவிடாதீர்கள். கீழே இருக்கும் லயத்துக்குக் குடிதண்ணீர் அதுவாக இருக்கலாம். குப்பைப் பையைக் கட்டி வண்டியிலேயே வையுங்கள், போடியில் இறங்கிப் போட்டுக்கொள்ளலாம். மதியத்துக்கு முன்பே புறப்பட்டால் மூடுபனி இறங்குவதற்குள் போடிமெட்டைத் தாண்டிவிடலாம்.