பல் கிளினிக் அசிஸ்டெண்ட் வேலை: சும்மா போய் நிற்கலாமா, படித்துவிட்டுப் போகணுமா?

ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பு முடிந்து பாய் சுருட்டிக்கொண்டிருந்தபோது, எஸ்பிஎம் முடித்த ஒரு தங்கை வந்து கேட்டாள்: "அண்ணா, ஒரு பல் கிளினிக்ல அசிஸ்டெண்ட் வேலைக்குக் கூப்பிடுறாங்க. படிப்பெல்லாம் வேணாம், நாளைக்கே வாங்கன்னு சொல்றாங்க. போகட்டுமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இன்ஜினியரிங் படிக்கிறவனுக்குப் பல்லைப் பற்றி என்ன தெரியும்? என் பெரியம்மா மகள் அரசாங்கப் பல் கிளினிக்கில் இந்த வேலையைத்தான் செய்கிறார். அவரிடம் போய் உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் எழுந்துவிடலாம் என்று போனவன் மூன்று மணி நேரம் கழித்துத்தான் எழுந்தேன். அக்கா சொல்லிக் கொடுத்த பாடத்தில் கொஞ்சத்தை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பம். கிளினிக்கில் வெள்ளைச் சட்டை போட்ட எல்லாரையும் நாம் 'நர்ஸ்' என்றுதான் கூப்பிடுவோம். தமிழ்ப்பள்ளியில் நம்மை வரிசையில் உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொன்னாரே, அவர் பல் சிகிச்சையாளர், மலாயில் ஜுருதெராப்பி பெர்கிகியான். பழைய பெயர் பல் நர்ஸ். பினாங்கில் 1949-லேயே இவர்களுக்குப் பயிற்சி தொடங்கிவிட்டது. பிள்ளைகளின் பல்லை அடைப்பது, பிடுங்குவது எல்லாம் இவரே செய்யலாம். அசிஸ்டெண்ட், அதாவது பெம்பந்து பெம்பெடாஹான் பெர்கிகியான், வேறு. அவர் தனியாக யாருக்கும் சிகிச்சை செய்யக்கூடாது. "எவ்வளவு வருஷம் பக்கத்துல நின்னு பார்த்திருந்தாலும் சரி, அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது" என்றார் அக்கா. கிளினிக்கில் பார்த்துப் பழகிவிட்டோம் என்று வீட்டில் வைத்து 'பிரேசஸ்' மாட்டினால் அது சட்டப்படி குற்றம்.

சரி, பயிற்சியில் என்னதான் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

பல்லுக்கு நம்பர் வைப்பதில் ஆரம்பிக்கிறது. வாயை நான்கு பகுதியாகப் பிரிக்க வேண்டும். நோயாளியின் வலது மேல் 1, இடது மேல் 2, இடது கீழ் 3, வலது கீழ் 4. முன்பல் நடுக்கோட்டிலிருந்து பின்னால் போகப் போக ஒவ்வொரு பல்லுக்கும் 1 முதல் 8 வரை. ஆக 36 என்றால் இடது கீழ்ப் பகுதியில் ஆறாவது பல். அதை 'முப்பத்தாறு' என்று படிக்கக் கூடாது, 'மூணு ஆறு' என்று படிக்கணும். பால்பற்களுக்குப் பகுதி எண் 5 முதல் 8 வரை. கேட்கச் சுலபமாக இருக்கிறதா? இப்போது நோயாளிக்கு எதிரே நின்று பாருங்கள். அவருடைய வலது உங்களுக்கு இடது. டாக்டர் சொல்வதைக் கார்டில் எழுதுகிறவர் அசிஸ்டெண்ட். ஒரு எண் மாறினால், பிடுங்க வேண்டிய பல் வாயிலேயே இருக்கும், நல்ல பல் தட்டில் கிடக்கும். அந்த 'மூணு ஆறு' பல்லையே எடுத்துக்கொள்ளுங்களேன். ஏறக்குறைய ஆறு வயதில் சத்தமில்லாமல் முளைக்கும். நிறைய அம்மாக்கள் அதைப் பால்பல் என்று நினைத்து, "விழுந்துடும், விடுங்க" என்பார்கள். விழாது. அது ஆயுளுக்கும் ஒரே பல். இதைத் தமிழில் அந்த அம்மாவுக்கு எடுத்துச் சொல்கிற ஆள் பல நேரம் அசிஸ்டெண்ட்தான்.

அடுத்தது எங்கே உட்காருவது. இதற்கு ஒரு கடிகாரக் கணக்கு உண்டு. படுத்திருப்பவரின் உச்சந்தலை 12 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். வலக்கை டாக்டர் 7-க்கும் 12-க்கும் நடுவில், அசிஸ்டெண்ட் 2-க்கும் 4-க்கும் நடுவில், டாக்டரைவிடக் கொஞ்சம் உயரமாக. கருவி கை மாறுவது 4-க்கும் 7-க்கும் நடுவில், நெஞ்சுக்கு மேலே. முகத்துக்கு மேலே எதையும் நீட்டக் கூடாது, கண்ணில் விழுந்தால் யார் பதில் சொல்வது? துளையிடும் கருவி நிமிடத்துக்கு 3 லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். தண்ணீர் தெளிக்காவிட்டால் அந்தச் சூட்டில் பல்லின் உயிர்நரம்பே செத்துவிடும். தெளிக்கிற தண்ணீரை நோயாளி விழுங்காமல் உறிஞ்சி எடுப்பது அசிஸ்டெண்ட் கையில் இருக்கும் குழாய். அது கொஞ்சம் பின்னால் போய் மெல்லண்ணத்தைத் தொட்டால் உடனே குமட்டும். டாக்டர் கேட்பதற்கு முன்பே அடுத்த கருவி கைக்கு வரணும்.

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி ஆட்டோகிளேவ். எங்கள் தெர்மோடைனமிக்ஸ் பாடம் அப்படியே அங்கே உட்கார்ந்திருக்கிறது! வெறும் சூடான காற்றில் கருவியைக் கிருமி நீக்க 160 டிகிரி செல்சியஸில் 2 மணி நேரம் வேண்டும். அழுத்தமான நீராவியில் 121 டிகிரி, 15 நிமிடம் போதும். 134 டிகிரி என்றால் 3 நிமிடம். ஏன்? நீராவி குளிர்ந்த உலோகத்தைத் தொட்டதும் தண்ணீராகிறது. அப்படி ஆகும்போது தன்னிடம் ஒளிந்திருந்த வெப்பத்தை மொத்தமாகக் கொட்டுகிறது. ஒரு கிலோ நீராவி கொட்டுவது ஏறக்குறைய 2,260 கிலோஜூல். அதே ஒரு கிலோ தண்ணீரை 0-விலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்க 420 போதும்.

ஆனால் நீராவி தொட்டால்தானே இதெல்லாம்? பெட்டியை அடைத்துத் திணித்தால் நடுவில் காற்று மாட்டிக்கொள்ளும், அந்த இடத்துக்கு நீராவி போகாது. கருவியில் ரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தால் அதன் அடியிலும் போகாது. அதனால்தான் முதலில் கழுவுவது, பிறகு உறையில் போடுவது, அதன் பிறகுதான் ஆட்டோகிளேவ்.

அக்கா ஒரு விஷயம் சொன்னார். அரசாங்க வேலை கிடைப்பதற்கு முன்பு, எஸ்பிஎம் முடித்த கையோடு ஒரு தனியார் கிளினிக்கில் சேர்ந்தாராம். பெயர் வேண்டாம். முதல் நாளே, "டேப்பில் கறுப்புக் கோடு வந்தா சுத்தம்னு அர்த்தம்" என்று சொல்லிக் கொடுத்தார்கள். எட்டு மாதம் அதை நம்பித்தான் வேலை செய்தார். பயிற்சிக்குப் போன பிறகுதான் தெரிந்தது, அந்தக் கோடு 'இந்த உறை வெளியே சூடு பட்டது' என்று மட்டும்தான் சொல்லும். உள்ளே கிருமி செத்ததா என்று அது சொல்லாது. அதைச் சோதிக்க, சூட்டைத் தாங்கும் வித்துக் கிருமிகளை உள்ளே வைத்து ஓட்டி, பிறகு அவை வளர்கின்றனவா என்று பார்க்க வேண்டும். "அந்த எட்டு மாசத்துல எத்தனை பேர் வாயில... " என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டுத் தேநீர் ஊற்றப் போய்விட்டார்.

ஆபத்து நோயாளிக்கு மட்டுமில்லை. மரத்துப்போகப் போடும் ஊசிக்குத் திரும்ப மூடி போடும்போதுதான் பல பேர் குத்திக்கொள்கிறார்கள். மூடியைத் தட்டில் வைத்து, ஒரே கையால் ஊசியை அதற்குள் நுழைப்பதுதான் முறை. இன்னொரு கை கிட்டவே வரக் கூடாது. ஹெப்பாடைட்டிஸ் பி தடுப்பூசி நம் நாட்டில் குழந்தைகளுக்கு 1989 முதல் போடப்படுகிறது. இருந்தாலும் வேலைக்குப் போகுமுன் ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 'நாளைக்கே வாங்க' என்கிற முதலாளி இதைக் கேட்பாரா?

நம்மவர்களுக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது. தோட்டத்திலிருந்து வரும் பாட்டிகள் பலர் வெற்றிலை பாக்கு போடுகிறவர்கள். பாக்கே, புகையிலை சேர்க்காவிட்டாலும், வாய்ப் புற்றுநோய் உண்டாக்கும் என்பது நிரூபணமான விஷயம். (சாமிக்குத் தாம்பூலம் வைப்பதைப் பற்றி நான் பேசவில்லை. வாயில் அடக்கிவைப்பதைப் பற்றித்தான்.) கன்னத்தின் உட்புறம் வெள்ளைத் திட்டு, ஆறாத புண், வாய் முழுசாகத் திறக்க முடியாமை, இவையெல்லாம் அடையாளங்கள். பாட்டி டாக்டரிடம் மலாயில் "ஓக்கே, ஓக்கே" என்பார். தமிழ் பேசும் பிள்ளையிடம்தான், "ரெண்டு மாசமா காரம் பட்டா எரியுதும்மா" என்று சொல்வார். அந்தப் பிள்ளைக்கு அது முக்கியம் என்று தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த வார்த்தை அறைக்குள்ளேயே செத்துவிடும்.

படிக்கும் வழிக்கு வருவோம். சுகாதார அமைச்சின் மலேசியப் பல் பயிற்சிக் கல்லூரி பினாங்கில் இருக்கிறது. விண்ணப்பம் பொதுச் சேவை ஆணையம், அதாவது எஸ்பிஏ வழியாக. அறிவிப்பு வரும்போது அதில் போட்டிருக்கும் எஸ்பிஎம் தகுதியை வரிக்கு வரி படியுங்கள், கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள். தனியார் கல்லூரி என்றால் கட்டணம் கேட்பதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: சான்றிதழை அங்கீகரித்திருப்பது யார், உண்மையான கிளினிக்கில் எத்தனை வாரப் பயிற்சி, ஆட்டோகிளேவை மாணவர்களே இயக்குகிறார்களா. மூன்றாவதற்குப் பதில் இழுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

வீட்டுச் சூழ்நிலையால் உடனே வேலைக்குப் போயே ஆகணும் என்றால் போங்கள், அதில் வெட்கமில்லை. ஆனால் முதல் நாளே வித்துச் சோதனை எப்போது செய்தார்கள் என்று கேளுங்கள்.

தங்கையிடம் இதையெல்லாம் சொன்னேன். யோசித்துவிட்டு, "அண்ணா, அந்த கிளினிக்குக்கு ஃபோன் பண்ணி ஊசி, ஆட்டோகிளேவ் எல்லாம் கேட்டேன். நாளைக்கு வர வேணாம்னு சொல்லிட்டாங்க" என்றாள். இப்போது எஸ்பிஏ பக்கத்தில் தன் பெயரைப் பதிந்திருக்கிறாள். அதுவரை சனிக்கிழமைகளில் அக்கா வீட்டுக்குப் போய், என் பல்லை வைத்துத்தான் நம்பர் பழகுகிறாள். எனக்கு 'நாலு எட்டு' இன்னும் முளைக்கவில்லையாம்.