பவர் சப்ளையில் உப்பிய கெப்பாசிட்டர்: மாற்றலாமா?

சுவிட்சை அழுத்தினால் கம்ப்யூட்டர் உடனே ஆன் ஆவதில்லை. நாலைந்து முறை முயன்றால் ஆன் ஆகிறது, ஓடும்போது தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. விண்டோஸ் மேல் பழியைப் போட்டு ரீஇன்ஸ்டால் செய்வதற்கு முன் எஸ்எம்பிஎஸ் பெட்டியைச் சந்தேகப்படுங்கள். குந்தாரப்பள்ளியில் என்னிடம் வரும் பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் வியாதி அங்கேதான்.

எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டருக்குள் ஒரு திரவம் இருக்கிறது. வெப்பத்தில் அது மெல்ல உலரும். 105 டிகிரியில் 2000 மணி நேரம் உழைக்கும் கெப்பாசிட்டர், 85 டிகிரியில் சுமார் 8000 மணி நேரம் உழைக்கும். 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பு. ஃபேனில் தூசி அடைத்தால் கணக்கு தலைகீழ். 2000-களின் தொடக்கத்தில் திரவத்தின் கலவையே தவறாக இருந்த கெப்பாசிட்டர்கள் உலகெங்கும் உப்பி வெடித்தன. அவை இருந்த மதர்போர்டுகளுக்காக டெல் நிறுவனம் 2005-ல் 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டியிருந்தது.

முதல் சோதனைக்குப் பெட்டியைத் திறக்க வேண்டாம். மதர்போர்டு கனெக்டரின் ஊதா வயரில் கம்ப்யூட்டர் ஆஃப் நிலையிலும் 5 வோல்ட் இருக்க வேண்டும். மல்ட்டிமீட்டர் 4.75-க்குக் கீழே காட்டினால் ஸ்டாண்ட்பை பகுதியின் சிறிய கெப்பாசிட்டர் மேல் சந்தேகம். ஆன் ஆனபின் மஞ்சள் வயரில் 11.4 முதல் 12.6 வரை இருக்கலாம்.

இனி ஆபத்தான பகுதி. நம் 230 வோல்ட் மின்சாரம் பெட்டிக்குள் சுமார் 325 வோல்ட் டிசியாக மாறி இரண்டு பெரிய கெப்பாசிட்டர்களில் தேங்குகிறது. பிளக்கைப் பிடுங்கினாலும் அது உடனே போவதில்லை. அதுவும் பழுதான சப்ளையில் அதிக நேரம் தங்கும். உயிருக்கே உலை வைக்கும். கம்ப்யூட்டர் வாங்கிச் சில மாதமே ஆனவர்கள் இதைத் திறக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. பழகியவர் பக்கத்தில் இருந்து பாருங்கள்.

பழகியவர்களுக்கு: பிளக்கைக் கழற்றி 10 நிமிடம் காத்திருங்கள். மீட்டரில் டிசி 600 அல்லது 1000 வோல்ட் ரேஞ்ச் வைத்து அளந்து பாருங்கள். மிச்சம் இருந்தால் 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேட்டட் கிளிப்பில் மாட்டி, ஒவ்வொரு கெப்பாசிட்டரிலும் ஒரு நிமிடம் வையுங்கள். மீண்டும் அளங்கள். ஸ்குரூ டிரைவரால் ஷார்ட் செய்யும் வீரம் வேண்டாம்.

பெரும்பாலும் உப்புவது வயர்கள் கிளம்பும் பக்கத்தில் உள்ள 10 வோல்ட், 16 வோல்ட் கெப்பாசிட்டர்கள். உப்பாமலும் கெடும், கண்ணை மட்டும் நம்பாதீர்கள். புதியதில் மைக்ரோஃபாரட் அதே அளவு இருக்கட்டும். வோல்ட் சமமாகவோ சற்று அதிகமாகவோ இருக்கலாம். 105 டிகிரி, லோ ஈஎஸ்ஆர் என்று கேட்டு வாங்குங்கள். உயரமும் விட்டமும் இடத்துக்குள் அடங்க வேண்டும். கிருஷ்ணகிரியில் கிடைக்காவிட்டால் பெங்களூர் எஸ்.பி. ரோடு இருக்கிறது. பழைய போர்டில் கழற்றியதைப் போடாதீர்கள்.

கழற்றுவதற்கு முன் கோடு போட்ட பக்கம், அதாவது மைனஸ், எங்கே இருக்கிறது என்று படம் வரைந்து கொள்ளுங்கள். மாற்றிப் போட்டால் வெடிக்கும்.

மூடிய பிறகு 60 வாட் குண்டு பல்பை சீரீஸில் போட்டு ஆன் செய்யுங்கள். மின்னி மங்கினால் நல்லது. பிரகாசமாகவே எரிந்தால் உள்ளே ஷார்ட், பிளக்கை எடுத்துவிடுங்கள். பிறகு பல்பை நீக்கி, பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றை மாட்டி, பச்சை வயரைக் கறுப்பு வயரோடு இணைத்து வோல்டேஜ் பாருங்கள். சரியாக இருந்தால் மட்டும் மதர்போர்டில் மாட்டுங்கள்.

பெயர் தெரியாத மலிவு சப்ளை என்றால் இவ்வளவு சிரமம் வேண்டாம், புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள்.