டிரான்ஸ்பார்மர் வாங்கப் போகும் முன்

மைக் செட் வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் மிக்சரைக் கொண்டுவந்து மேசைமேல் வைப்பார். "தம்பி, ஆன் பண்ணதும் ம்ம்ம்னு ஒரே இரைச்சல். பாட்டு ஓடும்போது தெரியல, நிறுத்தினா கேக்குது." ஆடியோ சர்வீஸ் வேலைக்கு வருகிற எவருக்கும் முதல் மாதத்திலேயே இப்படியொரு பெட்டி வந்துவிடும். பழுது பெரும்பாலும் மிக்சர் போர்டில் இருக்காது, அதற்குச் சோறு போடும் பவர் சப்ளையில்தான் இருக்கும். ஐடிஐயில் எலெக்ட்ரானிக் மெக்கானிக் படித்தவரானாலும் கடையில் எடுபிடியாக நின்று கற்றவரானாலும், ஒரு சாதாரண லீனியர் சப்ளையைக் கணக்குப் போட்டு எடுக்கத் தெரிந்துகொள்ளுங்கள். பெட்டி திரும்பி வராது, வாடிக்கையாளர் திரும்பி வருவார்.

லீனியர் என்றால் பழைய வழிதான்: டிரான்ஸ்பார்மர், பிரிட்ஜ், பெரிய கெப்பாசிட்டர், தேவைப்பட்டால் ஒரு ரெகுலேட்டர் ஐசி. கனமாக இருக்கும், சூடாகும், கரண்டைக் கொஞ்சம் வீணாக்கும். ஆனாலும் மைக் பிரீஆம்ப், டோன் கன்ட்ரோல் போன்ற சின்ன சிக்னல் ஓடும் இடத்துக்கு நான் இன்றும் அதையே போடுவேன். எஸ்எம்பிஎஸ் எனும் ஸ்விட்சிங் சப்ளை நொடிக்குப் பல்லாயிரம் தடவை ஸ்விட்ச் ஆகிறது. அந்த இரைச்சலை அடக்க நல்ல ஃபில்டர் வேண்டும், மலிவான சப்ளைகளில் முதலில் கைவைப்பது அந்த ஃபில்டரில்தான். லீனியர் பழுதானால் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கிற நாலு பாகத்தில் வேலை முடிந்துவிடும்.

சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் "அண்ணே, பன்னெண்டு ஜீரோ பன்னெண்டு ஒண்ணு குடுங்க" என்று கேட்பதற்கு முன்னால் ஒரு தாளை எடுங்கள். கணக்கை லோடிலிருந்து தொடங்கிப் பின்னால் வர வேண்டும், டிரான்ஸ்பார்மர் கடைசியில்தான்.

நம் மிக்சரையே பார்ப்போம். உள்ளே ஆப்-ஆம்ப் ஐசிகள்; பிளஸ் 12, மைனஸ் 12 வோல்ட் கேட்கின்றன; 200 மில்லி ஆம்பியர் இழுக்கின்றன. ரெகுலேட்டர் 7812, 7912. 7812 ஒழுங்காக வேலை செய்ய உள்ளே வரும் வோல்டேஜ் எந்த நேரத்திலும் 14.5க்குக் கீழே போகக் கூடாது. 12-0-12 டிரான்ஸ்பார்மரின் 12ஐ 1.414ஆல் பெருக்கினால் உச்சம் 17. டையோடுக்கு 0.7 போனால் 16.3. கெப்பாசிட்டர் 2200 மைக்ரோஃபாரட் என்றால், நொடிக்கு 100 தடவை நிரம்பி வடிவதில் 0.9 வோல்ட் ரிப்பிள். மிஞ்சுவது 15.4. போதும்போலத்தான் தெரிகிறது.

ஆனால் பெட்டி உங்கள் மேசையில் இருக்கப்போவதில்லை. திருவிழா நாள், இரவு எட்டு மணி, ஊர் முழுக்க சீரியல் செட் எரிகிறது, 230 இருக்க வேண்டிய இடத்தில் 200 வோல்ட்தான் வருகிறது. இப்போது உச்சம் 14.1, ரிப்பிளின் அடிமட்டம் 13.2. ரெகுலேட்டர் கைவிட்டுவிடும், இரைச்சல் நேராக ஸ்பீக்கருக்குப் போகும். 15-0-15 போட்டால் அதே 200 வோல்ட்டிலும் 16.8 நிற்கும். ஜெனரேட்டர் 250 வோல்ட் தள்ளினாலும் லோடில் 22.4தான் வரும், லோடு குறைந்தால் இன்னும் இரண்டு மூன்று வோல்ட் ஏறும். 7812 தாங்கும் எல்லை 35 வோல்ட், அதனால் பயமில்லை. கெப்பாசிட்டர் மட்டும் 25 வோல்ட் வேண்டாம், 35 வோல்ட் கேட்டு வாங்குங்கள்.

டிரான்ஸ்பார்மரின் ஆம்பியரில் பலர் ஏமாறுகிறார்கள். கெப்பாசிட்டர் கரண்டைத் துண்டுதுண்டாகப் பிடுங்குவதால் டிசியில் இழுப்பதைப்போல் கிட்டத்தட்ட 1.8 மடங்கு டிரான்ஸ்பார்மர் தர வேண்டும். 200 மில்லிக்கு 360 வருகிறது. 500 மில்லி ஆம்பியர் வாங்குங்கள். காப்பர் வைண்டிங்தானா என்று கேளுங்கள், கேட்டதோடு நிற்காமல் லோடு போட்டு ஒரு மணி நேரம் ஓடவிட்டுத் தொட்டுப் பாருங்கள்.

ரெகுலேட்டருக்கு ஹீட் சிங்க் கட்டாயம். 230 வோல்ட்டில் 15-0-15 தரும் 20.5ல் 12 போக மீதி 8.5 வோல்ட், அதை 0.2 ஆம்பியரால் பெருக்கினால் 1.7 வாட். ஹீட் சிங்க் இல்லாமல் நின்றால் அந்த ஐசி அறைச் சூட்டுக்கு மேலே 100 டிகிரி ஏறிவிடும். இன்னொன்றையும் கவனியுங்கள். 7812ன் முதுகுத் தகடு கிரவுண்டு. 7912ன் தகடு கிரவுண்டு அல்ல, இன்புட். கால்களின் வரிசையும் வேறு. இரண்டையும் ஒரே அலுமினியத்தில் திருகினால் மைனஸ் பக்கம் ஷார்ட். மைக்கா தாளும் பிளாஸ்டிக் வாஷரும் போட்டு, மல்டிமீட்டரை பீப்பில் வைத்துப் பார்த்த பிறகே கரண்டு கொடுங்கள்.

சத்தம் இன்னும் சுத்தமாக வேண்டுமென்றால் எல்எம்317, எல்எம்337 ஜோடி. 317ஐ நேஷனல் செமிகண்டக்டரில் பாப் டாப்கின் 1976ல் வடிவமைத்தார். இன்றும் அதன் இடம் அப்படியே இருக்கிறது. அட்ஜஸ்ட் காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஒரு 10 மைக்ரோஃபாரட் போட்டால் ரிப்பிளை அடக்கும் திறன் 65 டெசிபெலிலிருந்து 80க்கு ஏறும். சில ரூபாய்க் கெப்பாசிட்டர் ஒன்று செய்கிற வேலை இது.

பவர் ஆம்ப் வந்தால் கணக்கு தலைகீழ். அதற்கு ரெகுலேட்டர் தேவையில்லை, பெரிய கெப்பாசிட்டர் போதும். ஆனால் மிக்சருக்கு நல்லதென்று சொன்ன 15-0-15ஐ டிடிஏ2030க்குக் கொடுத்தால் ஐசி போய்விடும். அதன் எல்லை 18 வோல்ட், நீங்கள் கொடுப்பது 20.5. அங்கே 12-0-12தான். அதிலும் ஜெனரேட்டர் ஏறினால் 18ஐத் தொட்டுவிடும் என்பதால் 22 வோல்ட் தாங்கும் 2030ஏ வாங்குங்கள்.

இனி, எல்லாம் சரியாகப் போட்ட பிறகும் வருகிற ஹம். வேலைக்கு வந்த முதல் வருஷம் என்னிடம் இப்படி ஒரு மிக்சர் வந்தது. 2200ஐக் கழற்றி 10,000 மைக்ரோஃபாரட் போட்டேன். ஹம் குறையவில்லை, கூடியது. இரண்டு நாள் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் கண்ணில் பட்டது ஒரு கறுப்பு ஒயர். டிரான்ஸ்பார்மரின் நடு ஒயர் இரண்டு கெப்பாசிட்டர்களும் சேரும் இடத்துக்குப் போகிறது. சிக்னல் கிரவுண்டை அந்த ஒயரின் பாதி வழியிலேயே பற்றவைத்திருந்தார்கள். கெப்பாசிட்டர் நிரம்பும் ஒவ்வொரு தடவையும் அந்த வழியாக ஆம்பியர் கணக்கில் கரண்டு குத்திக்கொண்டு போகிறது. ஒயரின் ரெசிஸ்டன்ஸ் 10 மில்லி ஓம் என்றாலும், 2 ஆம்பியர் குத்து 20 மில்லிவோல்ட் ஆகிவிடும். மைக்கிலிருந்து வருவதே சில மில்லிவோல்ட்தான். கெப்பாசிட்டரைப் பெரிதாக்கியதில் குத்து இன்னும் கூர்மையானது. ஒயரைக் கழற்றி, கெப்பாசிட்டர்கள் சேரும் இடத்துக்கு அப்பால், அவுட்புட் பக்கம் பற்றவைத்தேன். இரண்டு அங்குலம் நகர்ந்திருக்கும். ஸ்பீக்கரில் காதை வைத்தும் ஒன்றும் கேட்கவில்லை.

ஹம்மைக் காதாலேயே பிரிக்கப் பழகுங்கள். 50 ஹெர்ட்ஸ் தாழ்ந்து மெத்தென்று இருக்கும். அது டிரான்ஸ்பார்மரின் காந்தப் புலத்தாலோ எர்த் லூப்பாலோ வருவது. அதற்கு ஒரு ஸ்தாயி மேலே, கொஞ்சம் கரகரப்போடு இருந்தால் 100 ஹெர்ட்ஸ். பிரிட்ஜ், கெப்பாசிட்டர், கிரவுண்டு ஒயர் பக்கம் பாருங்கள். காந்தப் புலம் என்றால் டிரான்ஸ்பார்மரைத் தள்ளி வையுங்கள், திருப்பி வையுங்கள், அல்லது டொராய்டல் போடுங்கள். டொராய்டலின் நடு போல்ட்டுடைய இரண்டு முனையும் இரும்புப் பெட்டியைத் தொடக் கூடாது. தொட்டால் அதுவே ஷார்ட்டான ஒரு சுற்றாகி டிரான்ஸ்பார்மரை எரித்துவிடும்.

முதல் தடவை ஆன் செய்யும்போது 60 வாட் குண்டு பல்பை சீரியஸில் போடுங்கள், எல்இடி உதவாது. ஒருமுறை மின்னி மங்கினால் நல்லது. எரிந்துகொண்டே இருந்தால் உடனே நிறுத்துங்கள், எங்கோ ஷார்ட்.

ஹம் போக வேண்டும் என்பதற்காக மூணு பின் பிளக்கில் எர்த் காலை வெட்டச் சொல்பவர்கள் உண்டு. ஹம் சில சமயம் போகவும் செய்யும். ஆனால் டிரான்ஸ்பார்மரில் இன்சுலேஷன் விட்டுப்போன அன்று, ஈரத் தரையில் வெறுங்காலோடு மைக்கைப் பிடித்திருப்பவர் உடம்பில் 230 வோல்ட் இறங்கும். யார் கேட்டாலும் வெட்டாதீர்கள். வேலை கைவிட்டுப் போனாலும் போகட்டும்.

பெட்டியை மூடும் முன் மூடியின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டுங்கள். டிரான்ஸ்பார்மர் 15-0-15, 500 மில்லி ஆம்பியர், ஃபியூஸ் 250 மில்லி ஆம்பியர், ஸ்லோ ப்ளோ, லோடில் அளந்த வோல்டேஜ், தேதி. கூடவே அதே அளவில் இரண்டு ஃபியூஸை ஒரு சின்னக் கவரில் போட்டு ஒட்டிவிடுங்கள். கோவில் வாசலில் நள்ளிரவில் ஃபியூஸ் போனால், செட்டுக்காரப் பையன் செம்புக் கம்பி தேடிப் போகமாட்டான்.